ஏர்கோன் குளிரலையா? கேஸ் அடிப்பதற்கு முன் இதைப் படிங்க

பினாங்கு மத்தியான வெயிலில், ஜெலுத்தோங் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டு, காடி ஏர்கோனில் சூட்டுக் காற்று வந்தால் எப்படி இருக்கும்? உடனே நாம் சொல்வது, "கேஸ் முடிஞ்சிருச்சு, அடிச்சா சரியாயிடும்."

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். ஒரே வருடத்தில் அப்பா மூன்று தடவை கேஸ் அடித்தார். சில வாரம் குளிரும், பிறகு பழையபடி சூடு. அப்புறம்தான் வகுப்பில் படித்தது எனக்கு உறைத்தது. ஏர்கோன் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதேதான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. பல வருடத்தில் லேசாகக் குறையலாம். சில வாரத்திலேயே குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

எப்படிக் குளிர்கிறது?

கம்ப்ரஸர் கேஸை அழுத்திச் சூடாக்கும். முன்பக்கம் இருக்கும் கண்டென்சர் அந்தச் சூட்டை வெளியே விட்டு, கேஸைத் திரவமாக்கும். எக்ஸ்பேன்ஷன் வால்வில் அழுத்தம் சட்டென்று குறையும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் திரவம் மறுபடியும் கேஸாகும்போது, காடிக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஆக, ஏர்கோன் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே கொண்டுபோகிறது.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

1. காற்றே குறைவாக வருகிறதா? கேபின் பில்டர் அடைத்திருக்கலாம். பல காடிகளில் அது குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். கழற்றிப் பாருங்கள், கறுத்துப் போயிருந்தால் மாற்றிவிடுங்கள்.

2. ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சூடாகிறதா? கண்டென்சர் காற்றாடியைச் சந்தேகப்படுங்கள். ஏர்கோனைப் போட்டுப் போனெட்டைத் திறந்து, காற்றாடி சுற்றுகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். கை நீட்ட வேண்டாம். நின்றிருக்கும் காற்றாடி திடீரென்று சுற்ற ஆரம்பிக்கும்.

3. கண்டென்சரில் தூசி, பூச்சி, இலை அடைத்திருக்கிறதா? இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

4. முன் சீட்டுக் கால்மிதி நனைகிறதா? தண்ணீர் வெளியேறும் சின்ன டியூப் அடைத்திருக்கலாம். கேஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

5. குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா? கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் சுற்றுவதால், கசியும் இடத்தில் கறை படியும். டார்ச் அடித்துத் தேடியபோது, எங்கள் காடியில் ஓர் இணைப்பில் அந்தக் கறை இருந்தது.

இதை மட்டும் தொடாதீங்க

கறையைப் பார்த்ததும் நானே ஸ்பானரை எடுத்துக் குழாயைக் கழற்றப் போனேன். "கண்ணு போயிடும்டா, வை கீழே!" என்று அப்பா ஒரு சத்தம் போட்டார். அவர் சொன்னது சரிதான். இப்போது பெரும்பாலான காடிகளில் இருக்கும் ஆர்-134ஏ, வெளிக்காற்றில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும். கண்ணில் பட்டால் உறைந்து புண்ணாகிவிடும். அதற்கு முன்பு இருந்த ஆர்-12 ஓசோனை அரித்ததால், 1987 மொன்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழி கைவிடப்பட்டது. ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்கும். ஒரு கிலோ வெளியேறினால், நூறு வருடக் கணக்கில் சுமார் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு சின்னக் காடியில் 400 கிராம் இருந்தால், அதைக் காற்றில் விடுவது ஏறக்குறைய 250 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம்!

அதனால் இந்த வேலையை ஏர்கோன் கடையில் விடுங்கள். போமனிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: "கசிவு எங்கே? பழைய கேஸை மெஷினில் இழுத்து எடுப்பீங்களா? வெக்கம் பண்ணி, எடை பார்த்து நிரப்புவீங்களா?" எங்கள் காடிக்கு ஒரு சின்ன ரப்பர் வளையத்தை மாற்றினார்கள். அதற்குப் பிறகு அப்பா கேஸ் அடிக்கவே போகவில்லை.

ஆயுத பூஜையன்று காடிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். அந்தக் காடி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வதும் அதே மரியாதைதான். காற்றைப் பஞ்சபூதங்களில் ஒன்றாக வணங்கும் நாம், தெரிந்தே அதில் கேஸை விடலாமா? இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு போனெட்டைத் திறந்து பாருங்கள்.