ஷாக்கோப்பி: பெருநகரின் அருகே வளர்ந்த ஒரு சிறுநகரம்

முன்னுரை

பெருநகரங்களைப் பற்றிய ஆய்வுகள் பலவாக உள. அவற்றின் நிழலில் வளரும் சிறுநகரங்களைப் பற்றிய ஆய்வுகளோ மிகச் சில. ஒரு நாட்டின் சமுதாய மாற்றத்தை அறியப் பெருநகரத்தைக் காட்டிலும் அதனை அடுத்த சிறுநகரமே பொருத்தமான களமாகும். ஏனெனில் நேற்றுவரை வயலாக இருந்த நிலம் இன்று குடியிருப்பாக மாறுவதும், பழங்குடியும் புதுக்குடியும் ஒரே தெருவில் எதிர்ப்படுவதும் அங்கேதான் நிகழ்கின்றன. அவ்வகையில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுமேற்குப் பகுதியில், மின்னசோட்டா மாநிலத்தில் அமைந்துள்ள ஷாக்கோப்பி என்னும் நகரின் வளர்ச்சியை ஆராய்வதும், அவ்வளர்ச்சி யார் யாருக்கு எதனைத் தந்தது என்று வினவுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

அமைவிடமும் பெயரும்

மினியாபொலிஸ், செயின்ட் பால் ஆகிய இரட்டை நகரங்களுக்குத் தென்மேற்கே, மினியாபொலிஸ் நகர நடுவத்திலிருந்து ஒரு மணி நேரத்திற்கும் குறைவான சாலைப் பயணத் தொலைவில் இந்நகரம் உள்ளது. மின்னசோட்டா ஆற்றின் தென்கரையில் அமைந்த இது, ஸ்காட் கவுண்டியின் தலைமையிடமுமாகும்.

நகரின் பெயர் டகோட்டா பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் ‘ஷாக்பே’ என்னும் சொல் ஆறு என்னும் எண்ணைக் குறிக்கும். இது தலைமுறை தலைமுறையாக அக்குலத் தலைவர்கள் தாங்கிய பெயர். ஆற்றங்கரையில் நிற்கும் ஊருக்கு ஆறு என்றே பெயர் அமைந்தது தமிழ் படிப்போர்க்கு இரட்டுற மொழிதல் போலத் தோன்றும். எனினும் அங்கே குறிக்கப்படுவது எண்ணேயன்றி நீர் அன்று. ஐரோப்பியர் வருமுன் இவ்விடத்திலிருந்த டகோட்டா ஊர் ‘டின்டா ஓட்டுன்வே’ என வழங்கியது. புல்வெளி ஊர் என்பது அதன் பொருள். நிலத்தின் இயல்பைச் சுட்டிய அப்பெயர் மறைந்து, தலைவனின் பெயர் ஊர்ப்பெயராயிற்று. முன்னோரைப் புதைத்த மண்மேடுகள் ஆற்றோரப் பூங்காவில் இன்றும் காணப்படுகின்றன. ஊர்ப்பெயரும் மண்மேடும் ஒரு மக்கள் வாழ்ந்ததற்குச் சான்றுகளாக எஞ்சின.

உடன்படிக்கையும் வெளியேற்றமும்

கி.பி. 1847-இல் சாமுவேல் பாண்ட் என்னும் கிறித்தவ சமயப் பணியாளர் இவ்வூரை அடுத்துத் தம் பணியகத்தை அமைத்தார். அவரும் அவர் உடன்பிறந்தாரான கிடியன் பாண்டும் 1834-இல் டகோட்டா மொழிக்கு எழுத்துமுறை ஒன்றை வகுத்தவர்கள் என்பது மொழி ஆய்வாளர் மனங்கொள்ளத்தக்கது.

1851-ஆம் ஆண்டு டகோட்டா மக்களின் வாழ்வில் பெருந்திருப்பமாக அமைந்தது. அவ்வாண்டு செய்யப்பட்ட இரண்டு உடன்படிக்கைகளின் வாயிலாகத் தென் மின்னசோட்டாவின் பெரும்பரப்பு அமெரிக்க அரசின் கைக்கு மாறியது. டகோட்டா மக்கள் ஆற்றின் மேற்பகுதியில் குறுகிய நிலத்துண்டு ஒன்றில் ஒதுக்கப்பட்டனர். அதே 1851-இல் தாமஸ் ஹோம்ஸ் என்பவர் இங்கு வணிக நிலையம் அமைத்தார். 1854-இல் மனைகள் அளந்து பிரிக்கப்பட்டன. ஒரே உடன்படிக்கை ஒரு சாரார்க்கு ஊர் இழப்பாகவும் மறுசாரார்க்கு ஊர்த் தோற்றமாகவும் அமைந்தது ஈண்டு நோக்கத்தக்கது.

தருவதாக ஒப்புக்கொண்ட பணம் காலந்தாழ்ந்ததாலும் பசியாலும் 1862-இல் போர் மூண்டது. அதன் முடிவில் திசம்பர் 26 அன்று, இதே ஆற்றின் கரையிலுள்ள மன்காட்டோவில் 38 டகோட்டா ஆடவர் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டனர். பெண்டிரும் சிறாரும் முதியோருமாக ஏறத்தாழ 1,600 பேர் ஸ்னெல்லிங் கோட்டையின் அடிவாரத்தில் அக்கடுங்குளிர் காலத்தைக் கழிக்க நேர்ந்தது. பலர் அங்கேயே மாண்டனர். 1863-இல் அமெரிக்கப் பேரவை உடன்படிக்கைகளை நீக்கி டகோட்டா மக்களை மாநிலத்தைவிட்டே வெளியேற்றியது. ஷாக்கோப்பி மரபில் வந்த ஷாக்பேடன் கனடாவில் அடைக்கலம் புகுந்திருந்தார். அவர் எல்லை கடந்து கடத்திக் கொணரப்பட்டு 1865 நவம்பர் 11 அன்று தூக்கிலிடப்பட்டார். பெயரை ஊருக்கு வைத்துக்கொண்டு பெயருக்குரியவரைத் தூக்கிலேற்றிய முரண் இவ்வூர் வரலாற்றின் மறைக்கவியலாப் பகுதியாகும்.

ஆற்றங்கரைத் தொழில்கள்

இதன்பின் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் ஷாக்கோப்பி வேளாண்மையைச் சார்ந்த அமைதியான ஊராகவே விளங்கிற்று. 1920-இல் மகளிர்க்கான மாநிலச் சீர்திருத்தச் சிறைச்சாலை இங்குத் தொடங்கப் பெற்றது. 1930-களில் ரார் நிறுவனத்தின் மால்ட் ஆலை நிறுவப்பட்டது. பார்லியை நீரில் ஊறவைத்து, முளைகட்டச் செய்து, உரிய பதத்தில் வெப்பத்தால் உலர்த்துவதே மால்ட் தொழில். சுற்றிலும் விளையும் தானியம், தடையற்ற நீர், இருப்புப்பாதை ஆகிய மூன்றும் ஒருங்கே கிடைத்தமையால் அத்தொழில் இங்குக் கால்கொண்டது. 1976-இல் வேலிஃபேர் என்னும் கேளிக்கைப் பூங்காவும், 1985-இல் குதிரைப் பந்தயத் திடலும் திறக்கப்பட்டன. பெருநகர மக்கள் விடுமுறையில் வந்து செல்லும் இடமாக ஊர் மாறத் தொடங்கியது. ஆயினும் வந்தவர் தங்கவில்லை.

பாலமும் மக்கள் பெருக்கமும்

வந்தவர் தங்காமைக்குத் தலையாய காரணம் ஆறே. பெருநகரம் வடகரைப் பக்கம், ஷாக்கோப்பி தென்கரையில். தாழ்வாக அமைந்திருந்த புளூமிங்டன் ஃபெரி பழைய பாலம், பனி உருகி வெள்ளம் பெருகும் இளவேனிற் காலங்களில் போக்குவரத்துக்கு மூடப்படும். 1995-இல் உயரமான புதிய பாலம் திறக்கப்பட்டது. அதனை அடுத்து 169-ஆம் எண் நெடுஞ்சாலை நகரைச் சுற்றிச் செல்லுமாறு அமைக்கப்பட்டது. அதன் விளைவை மக்கள் கணக்கெடுப்பு தெளிவாகக் காட்டுகிறது.

1990-இல் 11,739 ஆக இருந்த மக்கள்தொகை 2000-இல் 20,568 ஆயிற்று. 2010-இல் அது 37,076 ஆகவும், 2020-இல் 43,698 ஆகவும் உயர்ந்தது. முதற் பத்தாண்டில் 75 விழுக்காடும், அடுத்த பத்தாண்டில் 80 விழுக்காடும், அதற்கடுத்த பத்தாண்டில் ஏறத்தாழ 18 விழுக்காடும் வளர்ச்சி நிகழ்ந்தது. முப்பது ஆண்டுகளில் ஊர் மூன்றரை மடங்குக்கும் மேலாகப் பெருகியது. பாலம் மட்டுமே இதற்குக் காரணம் எனல் பொருந்தாது. பெருநகரத்தைவிடக் குறைந்த நிலவிலையும், விரிவாக்கத்திற்கு இடந்தந்த வயல்வெளியும் உடன் நின்றன. எனினும் அவை முன்னரே இருந்தவை. புதிதாக வந்தது பாலமே என்பதைக் கருதின், அதன் முதன்மை புலனாகும்.

வரியில் பகிர்வு

சிறுநகரம் வளரும்போது தொழிற்சாலைகளைத் தன்பால் ஈர்க்க அண்டை ஊர்களோடு போட்டியிடுவது இயல்பு. அவ்வாறு போட்டியிடும் ஊர்களுள் சில செல்வத்தில் திளைக்க, சில வறுமையில் வாடும். இதனைக் களைய மின்னசோட்டா மாநிலம் 1971-இல் ஒரு சட்டம் இயற்றியது. இரட்டை நகரங்களைச் சூழ்ந்த ஏழு கவுண்டிகளிலும், ஒவ்வோர் ஊரின் வணிக, தொழில் சொத்துகளின் வரி அடிப்படையில் அவ்வாண்டிற்குப் பின் ஏற்படும் வளர்ச்சியில் 40 விழுக்காடு பொதுத் தொகுப்பில் சேர்க்கப்படும். பின்னர் மக்கள்தொகையையும் சொத்து வளத்தையும் கணக்கிட்டு, வளங்குறைந்த ஊர்களுக்குக் கூடுதற் பங்கு கிடைக்குமாறு அது பிரித்தளிக்கப்படும்.

ஷாக்கோப்பியும் இவ்வமைப்பின் உறுப்பே. இங்கு ஒரு பண்டகசாலை எழுந்தால் அதன் பயனில் ஒரு கூறு, அதனைக் கண்ணாற் காணாத வேறோர் ஊரின் சாலைக்கோ காவலுக்கோ சென்று சேர்கிறது. கழிவுநீர் ஏற்பாடும் இத்தகையதே. 1967-இல் தோற்றுவிக்கப்பட்ட பெருநகர மன்றம் நடத்தும் ‘ப்ளூ லேக்’ கழிவுநீர்த் தூய்மிப்பு நிலையம் ஷாக்கோப்பியில் உள்ளது. அது மேற்குப் புறநகர்கள் பலவற்றின் கழிவுநீரைத் தூய்மை செய்து ஆற்றில் விடுகிறது. ஓர் ஊரின் வளர்ச்சி அவ்வூருக்கு மட்டும் உரியதன்று என்னும் கருத்து இங்குச் சட்டமாகவும் குழாயாகவும் வடிவம் பெற்றுள்ளது எனலாம்.

மீண்டு வந்தோர்

வெளியேற்றப்பட்ட டகோட்டா மக்களுள் சிலர் மெல்ல மெல்லத் தாய்நிலம் திரும்பினர். அவர்தம் வழித்தோன்றல்கள் 1969-இல் ‘ஷாக்கோப்பி மிடேவாகன்டன் சூ சமுதாயம்’ என்னும் பெயரில் தன்னாட்சியுடைய பழங்குடி அரசாக நடுவண் அரசின் ஏற்பினைப் பெற்றனர். 1992-இல் அண்டை நகரமான பிரயர் லேக்கில் அவர்கள் திறந்த சூதாட்ட மாளிகை பெரும்பொருள் ஈட்டியது. சூதின் தீமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை; அது எல்லாச் சான்றோரும் கடிந்ததே. ஆயினும் வேறு வளம் அனைத்தும் பறிக்கப்பட்ட மக்கள், எஞ்சிய தன்னாட்சி உரிமை ஒன்றையே முதலாக்கி எழுந்தனர் என்பதை வரலாற்று மாணவர் மறுக்கவியலாது. அச்சமுதாயம் இன்று ஸ்காட் கவுண்டியின் மிகப்பெரிய வேலையளிப்போராக உள்ளது. துரத்தப்பட்டோரின் பேரர்கள், துரத்தியோரின் பேரர்களுக்கு ஊதியம் வழங்கும் நிலை உருவாயிற்று.

புதிதாய் வந்தோர்

2016-இல் அமேசான் நிறுவனம் ஷாக்கோப்பியில் மாபெரும் பண்டகசாலை ஒன்றைத் திறந்தது. அங்குப் பணியில் சேர்ந்தோருள் சோமாலிய முஸ்லிம்கள் பலர். 1991-இல் சோமாலிய அரசு வீழ்ந்தபின் ஏதிலியராய் மின்னசோட்டா வந்தோரும் அவர்தம் மக்களுமே இவர்கள். இவர்களுட் பலர் மினியாபொலிசிலிருந்து நாள்தோறும் வந்து சென்றனர். பெருநகரில் பணிபுரியச் சிறுநகரத்தார் செல்லும் பழைய முறை இங்குத் தலைகீழாயிற்று.

பண்டகசாலையில் மணிக்கு இத்தனை பொருள் கையாள வேண்டும் என்னும் அளவு விதிக்கப்பட்டிருந்தது. தொழுகைக்கு ஒதுங்கும் சில நிமிடங்களிலும் அக்கணக்கு நிற்பதில்லை என்பது தொழிலாளர் முறையீடு. அந்நாட்டு வடபுலத்தில் கோடைப்பகல் நெடியது. 2016 முதல் 2018 வரை ரமளான் மாதம் மே, சூன் திங்கள்களை ஒட்டி வந்தமையால், நோன்பு பதினாறு மணி நேரத்திற்கும் மேல் நீண்டது. அந்நோன்போடு பளு தூக்கும் பணியை எண்ணிப் பார்த்தால் முறையீட்டின் ஆழம் விளங்கும். 2018-இல் தொழிலாளர் நிறுவனத்தாரோடு பேச்சு நடத்தினர். அவ்வாண்டு திசம்பரில் வாயிலில் திரண்டு போராடினர். 2019 சூலையில் வேலைநிறுத்தமும் செய்தனர். தன் ஊதியமும் பணிநிலையும் நல்லனவே என நிறுவனம் மறுத்துரைத்தது.

இதன் பயன் சட்டமாக விளைந்தது. 2023-இல் மின்னசோட்டா இயற்றிய பண்டகசாலைத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம், பணியளவை எழுத்து வடிவில் தொழிலாளர்க்கு அறிவிக்குமாறு பணித்தது. உணவு, ஓய்வு, தொழுகை ஆகியவற்றிற்கான இடைவேளையைத் தடுக்கும் வகையில் எவ்வளவும் விதிக்கப்படலாகாது என்றும் வரையறுத்தது. அச்சட்டம் தொழுகையாளர்க்கு மட்டும் உரியதன்று. அம்மாநிலத்துப் பெரும்பண்டகசாலைகளில் உழைக்கும் அனைவர்க்கும் உரியது. சிறுபான்மையோர் தமக்காகக் கேட்ட நீதி பலர்க்கும் பொதுநீதியாக மலர்ந்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. சிறுநகர வளர்ச்சிக்குப் பெருநகரின் அண்மை மட்டும் போதாது. இடையிலுள்ள தடை நீங்க வேண்டும். வளர்ச்சியின் பயனைச் சட்டத்தின் வழி அண்டை ஊர்களோடு பகிர்ந்துகொள்ளல் இயலும். மக்கள் கணக்கெடுப்பின் எண் உயர்வது வளர்ச்சியின் ஒரு பக்கமே. வந்தோர் எவ்வாறு நடத்தப்பட்டனர், இருந்தோர் எங்குச் சென்றனர் என்பன அதன் மறுபக்கமாகும்.

1851-இல் எழுதப்பட்ட உடன்படிக்கை ஷாக்கோப்பியின் பழங்குடிகளை ஆற்றின் மேற்புறம் துரத்தியது. 2023-இல் எழுதப்பட்ட சட்டம், அவ்வூருக்குப் பிழைப்பு நாடி வந்தோர் தலைநிமிர்ந்து நின்று தொழ வழிசெய்தது. இரண்டும் காகிதத்தில் எழுதப்பட்டவையே. முன்னது மீறப்பட்டது; பின்னது காக்கப்படுமா என்பது அந்நாட்டு மக்களின் நேர்மையைப் பொறுத்தது. ஓர் ஊரை ஆராயப் புகும் மாணவர் அதன் கட்டடங்களை எண்ணுவதோடு நில்லாமல், அவ்வூர் கொடுத்த வாக்குகளையும் எண்ணிப் பார்ப்பாராயின், வளர்ச்சி என்னும் சொல்லின் முழுப்பொருள் அவர்க்குப் புலப்படும்.