இரைப்பைப் புற்றுநோயும் படம் உரைக்கும் வருங்காலமும்

உடலைக் கீறாது உள்ளே காணும் ஆற்றல் மாந்தர்க்குக் கிட்டியது 1895ஆம் ஆண்டிலாகும். ஜேர்மானிய அறிஞர் றொன்ட்ஜன் அவ்வாண்டு கண்ட ஊடுகதிர் எலும்பைக் காட்டிற்று. மென்தசையாலாய இரைப்பையைத் தெளிவுறக் காட்டவில்லை. ஆதலின் பேரியக் கூழைப் பருகக் கொடுத்துப் படமெடுக்கும் முறை எழுந்தது. இம்முறைகொண்டே யப்பானியர் 1960களில் ஊர்தோறும் வண்டியிற் சென்று இரைப்பைப் புற்றுநோயைத் தேடினர். 1971இல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்பீல்டின் சி.ரி. கருவி முதன்முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. பின்னர் உடல் முழுவதையும் குறுக்கே அரிந்தாற்போற் காட்டலாயிற்று.

'நோய் உளதோ, எங்குளது?' என்பதே அன்று வைத்தியர் படத்திடம் கேட்ட வினா. இன்றோ வேறிரு வினாக்கள் எழுந்துள. இந்நோயாளியின் நிலை இனி எவ்வாறாகும் என்பது ஒன்று. இம்மருந்து இவர்க்குப் பயன்படுமா என்பது மற்றொன்று. நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியிருப்பின் பின்விளைவு கடிதென்பது முன்னதற்கு விடையேயன்றிப் பின்னதற்கு விடையன்று. மாணாக்கர் முற்றையும் எச்சத்தையும் மயங்குதல்போலப் பத்திரிகைகள் இவ்விரண்டையும் மயங்கி எழுதுகின்றன.

பின்னைய வினாவே பெரிது. சத்திரசிகிச்சை மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 23 பேரும், அதற்கு முன்னும் பின்னும் மருந்து பெற்றோருள் 36 பேரும் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தனர் என 2006இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டிற்று. எனினும் மருந்து எல்லார்க்கும் இணங்குவதில்லை. இணங்காதார் வாந்தியும் சோர்வும் உற்று, சத்திரசிகிச்சைக்குரிய வாரங்களையும் இழப்பர். அவர்களை விரைவில் அறிதல் எங்ஙனம்?

புற்றுக் கலங்கள் குளுக்கோசை மிகுதியாய் உண்பன. கதிர்வீசும் புளோரீன் சேர்த்த குளுக்கோசைச் செலுத்தினால், அது சேருமிடத்தைப் பெற் கருவி காட்டும். கட்டி சுருங்குமுன் அதன் பசி குறையும். 2007இல் வெளியான மியூனிக் ஆய்வில், உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்துப் புற்றுடையார்க்கு 14 நாளில் இவ்வேற்பு நூற்றுக்கு 35 பங்கேனும் குறையாவிடின், மருந்தை நிறுத்திச் சத்திரசிகிச்சைக்கு அனுப்பினர். ஆயினும் இரைப்பைச் சுவரிற் பரந்தோடும் வகைப் புற்றுக்கள் பல குளுக்கோசைச் சிறிதே ஏற்பதால் இக்கருவிக்குத் தப்பும்.

படத்தின் கருமை வெண்மைத் திட்டுக்களைக் கணினியால் எண்ணி எதிர்காலம் கூறும் 'றேடியோமிக்ஸ்' என்னும் துறைக்கு 2012இல் பெயர் வழங்கலாயிற்று. ஒரு வைத்தியசாலைக் கருவியிற் கற்ற கணக்கு வேறொன்றின் படத்திற் பிழைப்பதுண்டு. ஆதலின் பலவிடத்துச் சோதியாத கணிப்பைச் சாதகக் குறிப்பினும் மேலாக நாம் கொள்வதற்கில்லை.

ஹேவாஹெட்டத் தோட்டங்களில் வயிற்றெரிவை 'காஸ்ரிக்' என்று கூறி மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவோரை நாம் அறிவோம். பசியின்மை, காரணமின்றி மெலிதல், விழுங்கத் தடை, கரிய மலம் ஆகியன தோன்றின் கண்டி வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். மகரகம வைத்தியசாலைக்குப் பெற் கருவி வாங்க 2016இல் பொதுமக்கள் பணந்திரட்டியதையும் இங்கு நன்றியோடு குறிக்கின்றோம். மருந்தின் பயன் இரு படங்களை ஒப்பிட்டே அறியப்படுவது. முதற்படம் தொலைந்தால் ஒப்பீடு அரிதாகும். ஆதலின் பஸ் ஏறுவோர் பழைய படங்களையும் அறிக்கைகளையும் மழையில் நனையாவண்ணம் சுற்றி உடன்கொண்டு செல்வாராக.