அதிராத காமிரா

முதலில் ஒரு சிறு சோதனை. இந்தப் பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் இடமும் வலமுமாக விரைவாக ஆட்டியபடி இந்த வரியைப் படியுங்கள். படிக்க முடிகிறது அல்லவா? இனி, தலையை அசைக்காமல், பக்கத்தை அதே வேகத்தில் ஆட்டிப் பாருங்கள். எழுத்துக்கள் கலங்கிவிடும்.

நம் உட்செவியில் இருக்கும் அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை உணர்கின்றன. அதற்கேற்பக் கண்விழிகள் எதிர்த்திசையில் திரும்பிக்கொள்கின்றன. இதனால்தான் ஓடும்போதும் உலகம் நமக்குக் குலுங்குவதில்லை. பக்கம் ஆடும்போது உட்செவிக்கு அது தெரியாது. கண் அதைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. காமிராவுக்கோ உட்செவியே இல்லை. அதைக் கையில் ஏந்தி நடந்தால் ஒவ்வோர் அடியும் படத்தில் பதிந்துவிடும்.

1980-ல் ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய 'தி ஷைனிங்' என்ற படம் வெளிவந்தது. ஸ்டீபன் கிங்கின் 1977-ம் ஆண்டு நாவலைத் தழுவியது. கொலராடோ மலையில், பனிக்காலத்தில் மூடப்பட்ட ஓர் ஓட்டலைப் பார்த்துக்கொள்ள ஒருவர் மனைவியோடும் சிறுவனான மகனோடும் வந்து தங்குகிறார். தனிமையில் அவர் மனம் பேதலிக்கிறது. படம் பெரியவர்களுக்கானது, உங்களைப் பார்க்கச் சொல்லவில்லை. அதில் ஒரு காட்சி மட்டும் நமக்குப் போதும்.

சிறுவன் தன் மூன்று சக்கர சைக்கிளில் ஆளில்லாத நீண்ட தாழ்வாரங்களில் சுற்றி வருகிறான். காமிரா அவன் பின்னாலேயே, தரையிலிருந்து சில அங்குல உயரத்தில், கொஞ்சமும் குலுங்காமல் தொடர்கிறது. பலகைத் தரையில் சக்கரங்கள் கடகடவென்று இரைகின்றன. கம்பளத்தில் ஏறியதும் ஓசை அடங்கிவிடுகிறது (கம்பளத்தின் இழைகள் வளைந்து கொடுத்து அதிர்வின் ஆற்றலை உறிஞ்சிவிடுகின்றன). பிறகு மீண்டும் கடகடப்பு. பயங்கரமான எதுவும் அங்கே நடப்பதில்லை. ஆனாலும் பார்ப்பவருக்கு உள்ளங்கை வியர்க்கிறது. மனிதன் பின்தொடர்ந்தால் காலடியின் அதிர்வு இருக்க வேண்டும். இந்தப் பார்வைக்குக் காலே இல்லை! அச்சத்தின் காரணம் இதுதான் என்பது என் கருத்து.

இதைச் சாத்தியமாக்கிய கருவி 'ஸ்டெடிகாம்'. அமெரிக்கரான காரெட் பிரவுன் 1970-களில் உருவாக்கியது. 1976-ல் வெளியான 'ராக்கி' போன்ற படங்களில் பயன்பட்டு, 1978-ல் ஆஸ்கார் தொழில்நுட்ப விருதும் பெற்றது. குப்ரிக்கின் படத்தில் பிரவுனே அதை இயக்கினார். சைக்கிள் காட்சிக்காக அவர் சக்கர நாற்காலியில் அமர, மற்றவர்கள் தள்ளினார்கள். கருவியைத் தலைகீழாக்கிக் காமிராவைத் தரையோரம் இறக்கினார்கள்.

இதில் மோட்டார் எதுவும் தேவைப்படவில்லை; உங்கள் பாடநூல் இயற்பியலே போதுமானதாக இருந்தது. ஒரு தண்டின் மேல் முனையில் காமிரா, கீழ் முனையில் மின்கலமும் சிறு திரையும். எடையை ஏன் இரு முனைகளுக்கும் தள்ள வேண்டும்? ஒரு மீட்டர் குச்சியை நடுவில் பிடியுங்கள். நடுவிலிருந்து இருபுறமும் 10 செ.மீ. தூரத்தில் சம எடையுள்ள இரண்டு கற்களைக் கட்டி, குச்சியை இப்படியும் அப்படியுமாகத் திருப்புங்கள். எளிதாகத் திரும்பும். கற்களை 40 செ.மீ.க்குத் தள்ளிக் கட்டினால் கை வலிக்கும். எடை மாறவில்லை, தூரம் 4 மடங்கானதால், கற்களின் நிலைமத் திருப்புத்திறன் 16 மடங்காகிவிட்டது. நிறைகளை விலக்கி வைத்த தண்டும் அப்படித்தான்: சிறு குலுக்கல்கள் அதை எளிதில் திருப்ப முடியாது.

அடுத்து, தண்டைப் பிடிக்கும் இடம். எத்திசையிலும் தடையின்றித் திரும்பும் ஒரு வளைய மூட்டு அங்கே இருக்கிறது. அது ஈர்ப்பு மையத்திலிருந்து மிகவும் மேலே இருந்தால், ஆள் நடக்கத் தொடங்கியதும் கீழ்ப்பகுதி பின்தங்கி, தண்டு ஊசல்போல ஆடும். சரியாக மையத்திலேயே இருந்தால் ஆடாது. ஆனால் சாய்த்தால் சாய்ந்தபடியே நின்றுவிடும். ஆகவே மூட்டை மையத்துக்கு மிகச் சற்றே மேலே வைக்கிறார்கள்.

எஞ்சியிருப்பது மேலும் கீழுமான குலுக்கல். இணைகர வடிவச் சட்டங்களும் சுருள்வில்களும் கொண்ட ஒரு கை, தண்டின் எடையைத் தாங்கி, ஆள் அணிந்த கவசச் சட்டைக்கு மாற்றுகிறது. தனிச் சுருள்வில்லை இழுக்க இழுக்க அதன் விசை கூடும். இந்தக் கையிலோ, வில்லின் விசை கூடும்போது அது இழுக்கும் கோணமும் மாறுகிறது. ஆகவே மேல்நோக்கிய விசை ஏறக்குறைய ஒரே அளவாக நிற்கிறது. உடல் ஏறி இறங்கினாலும் காமிராவை உந்த மிச்ச விசை இல்லை.

குச்சிச் சோதனையைச் செய்யும்போது கற்களை இறுகக் கட்டுங்கள். என் வகுப்பில் ஒரு கல் பறந்து போய்க் கரும்பலகையில் மோதியது.