தோட்டத்தில் திருடன் பிடிபட்டால்...

கிணற்று மோட்டார் கேபிள், ஸ்டார்ட்டர், கொட்டிலில் கட்டிய ஆடு, பறித்துக் குவித்த தேங்காய் ஆகியவை களவு போவது கிராமங்களில் புதிதல்ல. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த விவசாயி, சட்டம் அறியாமல் தாமே வழக்கில் மாட்டிக்கொள்வதும் உண்டு.

குற்றம் செய்தவரைப் பொதுமக்களும் பிடிக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43-வது பிரிவு கூறிவந்தது. 1-7-2024 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவு அமலில் உள்ளது. இதன்படி, பிடிப்பவரின் முன்னிலையிலேயே குற்றம் நடந்திருக்க வேண்டும். அது போலீசார் வாரண்டு இன்றிக் கைது செய்யக்கூடியதாகவும், ஜாமீனில் விடத்தகாததாகவும் இருத்தல் வேண்டும். (தேடப்படும் குற்றவாளி எனக் கோர்ட்டு பிரகடனம் செய்தவரையும் பிடிக்கலாம்.) காலடித் தடம், ஊர்ப்பேச்சு, பழைய சந்தேகம் ஆகியவற்றை வைத்து மறுநாள் ஒருவரை வீடு புகுந்து இழுத்துவர இப்பிரிவு இடந்தராது.

திருட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. பம்புசெட் அறை போன்று பொருள் வைக்கும் கட்டடத்தில் திருடுவது கடுங்குற்றம், பிடிக்கலாம். ஆனால் திறந்தவெளியில் ரூ.5,000-க்குக் குறைந்த பொருளைத் திருடியவர், முதல் குற்றவாளியாக இருந்து பொருளையும் திருப்பிக் கொடுத்தால், சமூக சேவைதான் தண்டனை. அதற்குப் போலீசாரே வாரண்டு இன்றிக் கைது செய்ய இயலாது. ஆகவே இரண்டு வாழைத்தாருக்காக ஆளைக் கட்டிப்போடுவதைவிட, பொருளை மீட்டுக்கொண்டு புகார் கொடுப்பதே பத்திரம்.

பிடித்தவரை வீண் தாமதமின்றி, 6 மணி நேரத்துக்குள் போலீசாரிடமோ அருகிலுள்ள ஸ்டேஷனிலோ ஒப்படைத்தாக வேண்டும். பழைய சட்டத்தில் இந்த மணிக்கணக்கு கிடையாது. விடியட்டும், பஞ்சாயத்து கூடட்டும் என்று இரவு முழுவதும் தென்னையில் கட்டிவைத்தால், சட்டவிரோதமாக அடைத்துவைத்த குற்றமாகிவிடும். ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். உடனே 100 அல்லது 112-க்குப் போன் செய்து, பிடித்த நேரத்தையும் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

ஓடாமல் தடுக்கத் தேவையான பலம் போதும். அடி கூடவே கூடாது. 2018 பிப்ரவரியில் கேரளத்தின் அட்டப்பாடியில், அரிசி திருடினார் என்று ஒரு பழங்குடி இளைஞரைக் காட்டிலிருந்து பிடித்துவந்து, கைகளைக் கட்டி அடித்தனர். அவர் உயிரிழந்தார். 2023-ல் மண்ணார்க்காடு தனி நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்து, 13 பேருக்கு 7 ஆண்டு கடுங்காவல் விதித்தது.

ஆளை ஒப்படைக்கும்போது களவுப் பொருளையும் காட்டி, கண்ணால் கண்டவர்களின் பெயரைப் புகாரில் எழுதவேண்டும். வழக்குப் பதிவானால் முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரர் இலவசமாகப் பெறலாம்.