ஒரு ஜோடி ரப்பர் ஷூவும் ஒரு சாம்பியன் பட்டமும்
(இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர்)



முதலாம் ஆண்டு அப்ளைடு மெக்கானிக்ஸில் உராய்வு என்றொரு பாடம் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? "இதெல்லாம் எதுக்குடா உதவப் போவுது?" என்று கடைசி பெஞ்சில் முனகியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பாடம் அமெரிக்காவில் ஒரு சாம்பியன் பட்டத்தையே கைமாற்றிய கதையை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி

அமெரிக்கக் கால்பந்து நம்ம கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியை இடித்துத் தள்ளிக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டினால் 'டச் டவுன்', 6 புள்ளி. அதன்பின் உதைத்துக் கம்பத்திற்குள் அனுப்பினால் கூடுதலாக 1. ஓட்டத்தின் நடுவே உதைத்துப் போடும் 'ஃபீல்ட் கோல்' 3 புள்ளி. அணிக்குப் பதினோரு பேர், நான்கு கால்பகுதிகள். தொழில்முறை லீக் 1920இல் தொடங்கியது. இரு பிரிவுகளின் வெற்றியாளர்கள் மோதும் இறுதிப்போட்டி 1933இல்தான் வந்தது.

சிங்கமும் சுண்டெலியும்

1934ஆம் ஆண்டு சிகாகோ பேர்ஸ் அணி 13 ஆட்டம் ஆடி 13இலும் ஜெயித்தது. 1932, 1933 சாம்பியனும் அவர்களே. அந்த அணியின் பிராங்கோ நகுர்ஸ்கி நூறு கிலோவுக்கு மேல் எடை; அவர் ஓடி வந்தால் நிறுத்த ஆளில்லை.

எதிரில் நியூயார்க் ஜயன்ட்ஸ். 8 வெற்றி, 5 தோல்வி. 1933 இறுதிப்போட்டியில் பேர்ஸிடம் 21க்கு 23 என்று தோற்றவர்கள். 1934 சீசனிலும் அதே அணியிடம் இரண்டு முறை அடி வாங்கினார்கள். மறுபடி தோற்றால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

டிசம்பர் 9, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். முந்தின இரவு பெய்த மழை அப்படியே உறைந்துவிட்டது. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே. தரை கண்ணாடி மாதிரி! காலையில் அதைப் பார்த்த ஜயன்ட்ஸ் வீரர் ரே பிளாஹர்ட்டி, பயிற்சியாளர் ஸ்டீவ் ஓவனிடம் ஒரு யோசனை சொன்னார். கல்லூரி நாட்களில் இப்படி உறைந்த தரையில் ரப்பர் ஷூ போட்டு ஆடியது அவருக்கு நினைவு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, கடைகள் மூடியிருந்தன. அணிக்கு உதவியாளாக இருந்த ஏப் கோஹன் என்ற தையல்காரர் மன்ஹாட்டன் கல்லூரியிலும் வேலை செய்தவர். அங்கே ஓடிப்போய் பாஸ்கெட்பால் ஷூக்களை அள்ளிக்கொண்டு இடைவேளை நேரத்தில் வந்து சேர்ந்தார். அப்போது 10க்கு 3 என பேர்ஸ் முன்னிலை. மூன்றாம் பகுதியிலும் அவர்களுக்கே 3 புள்ளி, 13க்கு 3.

நான்காம் பகுதியில்தான் கதை மாறியது. டனோவ்ஸ்கி எறிந்த பந்தில் ஒரு டச் டவுன். கென் ஸ்ட்ராங் 42 கஜம் ஓடி ஒன்று, மீண்டும் ஒன்று. கடைசியில் டனோவ்ஸ்கியே ஓடி இன்னொன்று. ஒரே பகுதியில் 27 புள்ளி! முடிவு: ஜயன்ட்ஸ் 30, பேர்ஸ் 13.

இனி நம் பாடம்

வழக்கமான பூட்ஸில் அடியில் குமிழ்கள் இருக்கும். மண் மிருதுவாக இருந்தால் அவை உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். உறைந்த தரையில் இறங்க வழியில்லை. ஆள் வழவழப்பான சில குமிழ்களின் நுனியில் நிற்கிறான். மிஞ்சுவது வெறும் உராய்வுதான்.

உராய்வு விசை F = μN. சமதளத்தில் N = mg. அந்த விசையால் கிடைக்கும் அதிகபட்ச முடுக்கம் a = F/m = μg. கவனித்தீர்களா? நிறை m அடிபட்டுப் போய்விட்டது! நகுர்ஸ்கியின் நூறு கிலோ அங்கே தனியாக உதவாது. உதாரணத்துக்கு μ = 0.1 என்று வைத்துக்கொண்டால் முடுக்கம் சுமார் 1 மீ/வி². μ = 0.3 ஆனால் சுமார் 3. யார் பலசாலி என்பதைவிட யார் காலில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

"தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல உராய்வு என்று படித்தோமே?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அந்த விதி உலோகம், மரம் போன்றவற்றுக்கு ஏறக்குறையப் பொருந்தும். ரப்பர் நெளிந்து தரையின் மேடுபள்ளங்களில் படிந்துகொள்வதால் அந்த விதிக்கு முழுக்கக் கட்டுப்படாது. சந்தேகமிருந்தால் லாபில் சாய்தளத்தில் ஈரக் கண்ணாடியை வைத்து, ஆணி அடித்த மரக்கட்டையையும் ரப்பர் ஒட்டிய கட்டையையும் நகர்த்திப் பாருங்கள். வழுக்கத் தொடங்கும் கோணத்தின் டேன்ஜென்ட்தான் μ.

முடிவாக

ஷூ மட்டுமே ஜெயித்தது என்று சொல்ல மாட்டேன், ஓடியவர்கள் ஓடினார்கள். ஆனாலும் அன்று தேவைப்பட்டவை மூன்று: பழைய அனுபவத்தை நினைவில் வைத்த ஒருவர், அதைக் காதுகொடுத்துக் கேட்ட தலைவர், சாமான் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரு தையல்காரர். "நீ டிப்ளமாதானே?" என்று நம்மைக் கேட்பவர்கள் உண்டு. நண்பர்களே, பட்டறையில் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று தெரிந்தவன் நாளைக்கு ஒரு ஆட்டத்தையே மாற்றலாம். பாடத்தைப் பரீட்சையோடு மறந்துவிடாதீர்கள்!