மரத்தவளைக்கு ஒரு கண்ணாடி வீடு

சிட்னியில் எங்கள் வீட்டில் ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளைகள் இரண்டு வளர்கின்றன. நன்றாகப் பேணினால் இவை 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இவற்றை வளர்த்ததில் நான் கற்ற முதல் பாடம், தவளைக்குத் தோல்தான் எல்லாம் என்பது. அது தோல் வழியே நீரை உறிஞ்சுகிறது, தோலாலும் சுவாசிக்கிறது. தொட்டிக்குள் எது போகலாம், எது போகக்கூடாது என்பதை இதை வைத்தே முடிவு செய்கிறேன்.

உரிமம்: நியூ சவுத் வேல்ஸில் தவளை வளர்க்க அரசு உரிமம் வேண்டும். அதை வாங்கிய பிறகே, உரிமம் பெற்ற வளர்ப்பாளரிடம் இளந்தவளைகளை வாங்கினோம்.

தொட்டி: மரமேறிக்கு அகலத்தைவிட உயரம் முக்கியம். இரண்டு தவளைகளுக்கு 45 செ.மீ. நீள அகலமும் 60 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி போதும். மூடி கம்பிவலையாக இருக்கட்டும். அடியில் களிமண் உருண்டைகள், அதன்மேல் வலை, அதற்கும் மேல் உரம் கலக்காத தேங்காய்நார்த் தூள் என்று பரப்பினால் மிகுந்த நீர் கீழே வடிந்துவிடும். சிறு கூழாங்கற்கள் வேண்டாம். இரையைக் கவ்வும் வேகத்தில் தவளை அவற்றையும் விழுங்கும், குடல் அடைத்துக்கொள்ளும். தவளையின் எடையைத் தாங்கும் கிளைகளும் மணி பிளான்ட்டும் வையுங்கள். கடையில் வாங்கிய செடியில் பூச்சிமருந்து இருக்கலாம். இலைகளை நன்றாகக் கழுவி, மண்ணையும் மாற்றுங்கள்.

வெப்பமும் ஈரமும்: பகலில் 24 முதல் 28 டிகிரி இருந்தால் நல்லது. விளக்கை வலைக்கு வெளியே பொருத்துங்கள். உள்ளே இருந்தால் தவளை அதன்மேல் தாவிச் சுட்டுக்கொள்ளும். காலையும் மாலையும் நீர் தெளிக்கிறேன், இடையில் தொட்டி சற்று உலர விடுகிறேன். எப்போதும் சொதசொதவென்று இருந்தால் தோலில் தொற்று வரும்.

தண்ணீர்: இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். குழாய்நீரைத் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், குளோரமின் எளிதில் போகாது. மீன்தொட்டிக்கு விற்கும் நீர்ச் சுத்திகரிப்புத் திரவம் கலந்த நீரையே பயன்படுத்துங்கள். ஆழமில்லாத கிண்ணத்தில் ஊற்றி, தினமும் மாற்றுங்கள். தவளை அதிலேயே கழிவையும் விடும், அதிலேயே ஊறியும் கிடக்கும்.

உணவு: இரவில் சுவர்க்கோழிப் பூச்சிகளைக் கால்சியம் பொடியில் புரட்டிப் போடுகிறேன். தவளையின் இரு கண்களுக்கு இடையே உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். வளர்ந்த தவளைக்கு வாரம் இரண்டு மூன்று முறை உணவு போதும். இந்த இனம் எளிதில் கொழுத்துவிடும்; கண்ணுக்கு மேலுள்ள மேடு பருத்துத் தொங்கினால் தீனியைக் குறையுங்கள்.

கை: தேவையில்லாமல் தூக்காதீர்கள். தூக்கவேண்டி வந்தால், சோப்போ கிரீமோ இல்லாத கையைச் சுத்திகரித்த நீரில் நனைத்துத் தூக்குங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தவளையிடமிருந்து சால்மோனெல்லா கிருமி நமக்குத் தொற்றலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தவளையின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையால் ஆஸ்திரேலியாவில் சில தவளை இனங்கள் அடியோடு அழிந்துவிட்டன. வளர்க்க முடியாத நிலை வந்தால் உரிமம் உள்ள வேறொருவரிடம் ஒப்படையுங்கள். இந்தப் பூஞ்சை பரவாமல் இருக்க, தவளையை ஓடையில் விடாதீர்கள், தொட்டி நீரையும் அங்கே கொட்டாதீர்கள்.