ஏலகிரியின் வயதும் ஆதியாகமமும்

கிறிஸ்துவுக்குள் அன்பான மகளுக்கு,

வாரம் முழுக்க ஆம்பூர், வாணியம்பாடிக் கிணறுகளில் தண்ணீர் மாதிரி எடுக்கிறாய். ஞாயிறன்று சபையில் பிள்ளைகளுக்கு வேதப்பாடம் நடத்துகிறாய். ஏலகிரி மலைக்கு எத்தனை வயது என்று ஒரு பையன் கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டதாக எழுதியிருக்கிறாய். இனி மாற்றாதே. ஏறத்தாழ 75 கோடி ஆண்டுகள் என்று சொல்.

அந்த எண் வந்த வழியையும் சொல். ஏலகிரியின் சையெனைட் பாறை குழம்பாக மேலேறி இறுகியபோது அதற்குள் ருபீடியம் அடைபட்டது. அதில் ஒரு வகை மிக மெதுவாக ஸ்ட்ரான்ஷியமாக மாறுகிறது. மாறும் வேகம் தெரியும், மாறிய அளவை அளக்க முடியும், மீதி கணக்கு. சுற்றியுள்ள பாறைக்கு வயது 250 கோடி ஆண்டுகளை ஒட்டி வருகிறது. ஏலகிரிப் பாறை அதைத் துளைத்துக்கொண்டு ஏறியது. துளைத்தது துளைக்கப்பட்டதைவிட இளையது என்று அறிய ஆய்வகம்கூட வேண்டாம்.

நம் சபையின் நிலை உனக்குத் தெரியும். 1895இல் கிருஷ்ணகிரியில் தொடங்கி ஆம்பூரில் வேரூன்றிய லுத்தரன் ஊழியம் அமெரிக்காவின் மிசௌரி சினட் அனுப்பியது. ஆறே நாளில் படைப்பு என்பதை அந்தச் சபை 1932இல் தன் விசுவாச அறிக்கையில் எழுதி வைத்தது. லுத்தரும் ஆறு நாட்களை நேர்ப்பொருளில்தான் எடுத்துக்கொண்டார். இதைப் பிள்ளைகளிடம் மறைக்காதே. ஆனால் திருச்சபையில் அது ஒன்றே குரல் அல்ல. சூரியன் நான்காம் நாளில்தான் வருகிறது, அப்படியானால் முதல் மூன்று நாட்களின் மாலையும் காலையும் எப்படி என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் கேட்டார். பூமியையும் வானத்தையும் பற்றி விசுவாசிகள் அறியாமல் உளறினால், வேதம் சொல்லும் பெரிய காரியங்களையும் வெளியார் நம்பமாட்டார்கள் என்று அகுஸ்தீன் வருந்தி எழுதினார். அப்போது டார்வினும் இல்லை, ருபீடியக் கணக்கும் இல்லை.

ஒரு சமாதானத்தை மட்டும் நீ ஒருபோதும் ஏற்காதே. பூமி இளையதுதான், ஆனால் பழையதாகத் தோன்றும்படியே தேவன் படைத்தார் என்பார்கள். 1857இல் பிலிப் காஸ் என்ற இங்கிலாந்து இயற்கையியலாளர் இதை ஒரு புத்தகமாகவே எழுதினார். பக்தியால்தான் எழுதினார். ஆனால் அது படைத்தவரைப் பழைய முத்திரைத்தாளில் போலிப் பத்திரம் எழுதுகிறவராக்கிவிடுகிறது. பொய்யுரையாத தேவன் என்று நாம் அறிக்கை செய்கிறவர் பாறையிலும் பொய் எழுதமாட்டார்.

ராபர்ட் புரூஸ் ஃபூட்டைப் பற்றியும் வகுப்பில் சொல். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்காலக் கைக்கோடாரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் அவர். அதே ஆண்டில் அவர் கண்ட அத்திரம்பாக்கத்தின் கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு வெளியிட்டது. ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கிய மிஷனரி. வேதமும் கைக்கோடாரியும் ஒரே குடும்பத்தில் இருந்திருக்கின்றன.

எளிதில் தீராத கேள்வி ஒன்று உண்டு. அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையில் அடுக்கடுக்காகக் கடல் உயிர்கள் கிடக்கின்றன. மனிதன் வருவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்பே வாழ்ந்து மடிந்தவை. ஒரே வெள்ளத்தில் அடித்து வந்திருந்தால் எல்லாம் கலந்து கிடந்திருக்கும். இங்கோ அடுக்குக்கு அடுக்கு உயிர்வகை மாறுகிறது. அப்படியானால் பாவத்தினாலே மரணம் வந்தது என்று பவுல் ரோமர் நிருபத்தில் எழுதியது எப்படி? அவர் பேசுவது மனிதரின் மரணத்தைப் பற்றி, தேவனைவிட்டுப் பிரிந்த மரணத்தைப் பற்றி என்று நான் வாசிக்கிறேன். விலங்குகள் அத்தனை காலம் பட்ட பாடு அதற்குப் பிறகும் என்னை விடுவதில்லை. உன்னையும் விடாது. அதோடு ஜெபி, வாசி. அதற்காக அரியலூரின் அடுக்குகளைக் கலைத்துவிடாதே.

இதை நான் இவ்வளவு அழுத்துவது உன் தொழிலால். தோல் ஆலைகளின் குரோமியம் பாறையின் எந்த வெடிப்பு வழியாக எந்தக் கிணற்றுக்குப் போகிறது என்று நீ அறிக்கை எழுதப்போகிறாய். 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இந்தத் தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற ஆய்வை எடுத்துக்காட்டியது. யாரோ மண்ணையும் நீரையும் ஒழுங்காக அளந்ததால் ஏழை விவசாயியின் பேச்சு டெல்லியில் எடுபட்டது. சபை மனம் கோணாதிருக்கப் பாறையின் வயதைக் குறைத்துச் சொல்லப் பழகிய வாய், முதலாளி மனம் கோணாதிருக்கக் குரோமியத்தையும் குறைத்துச் சொல்லும். ஆதியாகமம் ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதனிடம் ஒப்படைக்கிறது. பாலாற்றங்கரையில் அந்த வசனத்துக்கு உன் தண்ணீர் மாதிரிப் பாட்டில்களைவிட நல்ல விளக்கவுரை எனக்குத் தெரியாது.

வகுப்பில் இதைச் சொல்லுமுன் சபைப் போதகரிடம் தனியாகப் பேசு. பிரசங்கத்துக்கு மறுப்பாக வகுப்பை நடத்தாதே. ஆறு நாளை அப்படியே நம்பும் பாட்டிமாரோடு வாதாட வேண்டாம், அவர்கள் ஜெபத்தில் நீ வளர்ந்தவள். பையன்களும் பெண்களும் கேட்டால் மட்டும் ஒளிக்காமல் சொல். யோபு 38ஆம் அதிகாரத்தை அவர்களோடு வாசி. பிறகு ருபீடியக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டு. கடினமாக இருந்தால் எனக்கு எழுது, எளிய எண்களோடு ஒரு கணக்கு அனுப்புகிறேன்.